எது களை, எது கீரை

செல்லியம்மாளை 'ஆயா' என்று கூப்பிட்டவன் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தானோ என்று பரிதாபப்படத்தான் வேண்டும். சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் பெண்களை ஆயா என்று அழைப்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. நாற்பது வயதில், காதோரம் ஒரு நரைகூட எட்டிப் பார்க்காத ஒருத்தியை நூற்றுப்பத்துப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு நாள் முழுக்கப் பாட்டி, பாட்டி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? "யாருடா ஆயா? உங்க ஆயா வூட்ல குந்திக்கினு இருக்கும், அங்க போய்க் கூப்புடு. இங்க நான் அக்கா," என்று கரண்டியை ஓங்குவாள். அந்தக் கரண்டி இதுவரை யார் மேலும் பட்டதில்லை. ஆனாலும் ஒன்றாம் வகுப்பு வாண்டிலிருந்து எட்டாம் வகுப்பு அரும்பு மீசை வரைக்கும் எல்லோரும் அக்கா என்றே பழகிவிட்டார்கள். எட்டாவது படிக்கும் அவளுடைய சொந்த மகள் தனுஷாகூடப் பள்ளிக்கூட வாசலுக்குள் வந்துவிட்டால் பெற்றவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்குப் போனதும் மறுபடி அம்மா.

ரிஷிவந்தியத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற டவுன் பஸ் நின்று போகும் சின்ன ஊர். எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து இருசப்பனுக்கு வாக்கப்பட்டு செல்லியம்மாள் இங்கே வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறந்த வீட்டிலும் ஒரு குழி நிலம் கிடையாது, புகுந்த வீட்டிலும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு கையில் இருந்தது களைக்கொத்து. களையெடுப்பில் அவளை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அவளோடு வரிசையில் குனிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் பாதி வரிசையைத் தாண்டும்போது அவள் அந்தக் கரையில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள்.

களையெடுக்கிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிடுங்கியதை எல்லாம் வரப்பில் எறிந்துவிட மாட்டார்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, சாரணைக்கீரை என்று நல்லதாகக் கண்ணில் பட்டது மடிக்குள் போகும். நிலத்துக்காரருக்கு அது களை. மடியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டால் அதுவே கீரைக் கடைசல். இருசப்பன் கரும்பு வெட்டப் போய்விட்டு வந்து களியை உருட்டி அந்தக் கடைசலில் முக்கி விழுங்கும்போது, அது யார் நிலத்துக் களை என்று கேட்டதில்லை.

ஆனால் ஒரு விஷயம் செல்லியம்மாளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை பக்கத்து ஊரில் உளுந்துக் காட்டில் களையெடுக்கும்போது, இளசாக இருந்த பண்ணைக்கீரையை ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு விட்டுவிட்டு வந்தாள். இரண்டு நாள் போனால் நன்றாகத் தழையும் என்ற நினைப்பு. நிலத்துக்காரர் பார்த்துவிட்டார். "என் நெலத்துல நீ தோட்டம் போடுறியா? எது பயிரு, எது களைன்னு நான் சொல்லணுமா, நீ சொல்லணுமா?" என்றார். நாலு பேர் எதிரில் அவள் திரும்பப் போய் அதைப் பிடுங்கிப் போட்டாள். நியாயம்தானே, நிலம் அவருடையது. நியாயமாக இருப்பதாலேயே வலிக்காமல் போய்விடுமா?

ஏழு வருஷத்துக்கு முன்னால் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. அதற்குள் களையெடுப்பும் குறைந்துபோயிருந்தது. பாதி நிலத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஆள் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு அரை நாளில் முடித்துவிடுகிற வேலைக்குப் பத்துப் பெண்களை எதற்குக் கூப்பிடுவார்கள்? களையும் கருகியது, கூடவே கீரையும் கருகியது.

அடுப்படிக்கு வந்த பிறகுதான் செல்லியம்மாள் ஒன்றைக் கவனித்தாள். பிள்ளைகளுக்குக் கீரை பிடிக்கவில்லை. முருங்கைக்கீரை போட்டு சாம்பார் வைத்தால் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒட்டிவைப்பார்கள். தட்டுக்குப் பச்சை ஜரிகை போட்ட மாதிரி இருக்கும். "இத்த தின்னா இன்னாடா ஆவும், வவுத்துல மரம் மொளைச்சிடுமா?" என்று ஒரு பக்கம் திட்டுவாள், இன்னொரு பக்கம் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவாள். அதில் வேடிக்கை என்னவென்றால், களியும் கடைசலும் தின்று வளர்ந்த கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் கீரையை ஒதுக்கியவர்கள். அதைத் தின்றால் மற்றவர்கள் 'களைதின்னி' என்று கேலி செய்வார்களாம். அந்த வார்த்தையைக் கேட்ட அன்றைக்கு செல்லியம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். அவ்வளவு கோபம்.

இந்தச் சமயத்தில்தான் தேவிப்ரியா டீச்சர் வந்து சேர்ந்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து தினம் ஸ்கூட்டியில் வருகிறவள், அறிவியல் ஆசிரியை, இருபத்தெட்டு வயது. ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். அதில் 'நீடித்த உணவுமுறை' என்று எழுதியிருந்தது. சமையல் கூடத்துக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் உடைந்த ஓடும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்தது. அதைத் தோட்டமாக்கி, பிள்ளைகளே விதைத்து, பிள்ளைகளே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று தலைமையாசிரியர் சுப்புராயனிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

"அக்கா, இதுக்கு நீங்கதான் டீச்சர். நான் உங்க அசிஸ்டெண்ட்," என்றாள்.

"அஞ்சாங்கிளாஸு படிச்சவள வெச்சி கிண்டலு பண்றீங்களா டீச்சர்? மொதல்ல அந்தப் படத்துல இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க."

டீச்சர் பூமி சூடாவதில் ஆரம்பித்து, லாரியில் வரும் காய்கறி, வீணாகும் சாப்பாடு, நிலத்தடி நீர் என்று கால் மணி நேரம் சொன்னாள். செல்லியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவ்ளோதானா? நம்ம மண்ணுல, நம்ம மழையில, இன்னிக்கி மொளைச்சத இன்னிக்கி தின்னணும், தட்டுல மிச்சம் வெக்கக் கூடாது. இதுக்கா இம்மாம் பெரிய படம்?" என்றாள்.

தேவிப்ரியா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆடி முடிவதற்குள் இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஓடு பொறுக்கி, முள் வெட்டி, பாத்தி கட்டிவிட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பினாள் செல்லியம்மாள். சனிக்கிழமை காலையில் மூன்று செங்கல் அடுப்பு மூட்டி சமையல். அதற்கு அவள் வைத்த சட்டம் கறாரானது. பறித்தவன்தான் ஆய வேண்டும், ஆய்ந்தவன்தான் கடைய வேண்டும், கடைந்தவன்தான் சட்டியைக் கழுவ வேண்டும். ஆண்பிள்ளை என்று யாருக்கும் சலுகை இல்லை. ஏழாம் வகுப்புக் கவியரசன் முதல் தடவை கடைந்தபோது உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டான். "பரவால்ல, கடலூருக்குப் போவாமலே கடலத் தின்னோம்," என்று சொல்லி அவனையே முதல் கவளம் தின்னவைத்தாள்.

விதைத்தது அரைக்கீரையும் வெண்டையும் கொத்தவரையும். ஆனால் கல்வராயன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து நாலு மழை பெய்ததும், விதைக்காமலே பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தலைகாட்டின. பிள்ளைகள் அதைப் பிடுங்கப் போனார்கள். "வுடு," என்றாள் செல்லியம்மாள். ஒரு பாத்தி முழுக்க அதற்கே ஒதுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் இலையையும் வாசனையையும் சொல்லிக்கொடுத்தாள். தானாக வருவதற்குத் தண்ணீர் கம்மி, உரம் வேண்டாம், பூச்சி மருந்து வேண்டாம். மருந்து அடித்த காட்டில் மட்டும் பறிக்கக் கூடாது என்று தனியாக ஒரு பாடம். களைதின்னி என்று கேலி பேசிய வாயெல்லாம் ஒரே மாதத்தில் அந்தப் பாத்தியைச் சுற்றிச் சண்டை போட ஆரம்பித்தது. அது போதும் எனக்கு என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒரு பையன் அஜித்குமார். எட்டாவது. ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே மக்காச்சோளக் காடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் சத்துணவு சாப்பிட்டதில்லை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வரும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். செல்லியம்மாளும் கேட்டதில்லை. தோட்டத்துக்கு மட்டும் ஓடி வந்துவிடுவான். வரப்பு அணைப்பதில் கைகாரன். மூன்றாவது சனிக்கிழமை, எல்லோரும் கடைசலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தபோது, அவன் அடுப்புப் பக்கத்திலேயே நின்றான். அவள் அவன் உள்ளங்கையில் ஒரு அகப்பை ஊற்றினாள். மணிக்கட்டு வரை நக்கிவிட்டு மறுபடி கையை நீட்டினான். செல்லியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அடுப்பில் அன்றைக்குப் புகையே இல்லை.

அந்த மூன்று சென்ட் இடம் அவளுக்கு என்னவாக ஆகிவிட்டது என்பதை இருசப்பனிடம் மட்டும்தான் சொன்னாள். "அங்க நான் களைன்னா களை, கீரைன்னா கீரை. பொறந்ததுலேருந்து இப்பதான்யா என் பேச்சுக்கு ஒரு மண்ணு கெடச்சிருக்குது."

"மூணு சென்ட்டுக்கு மகாராணி," என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள்.

புரட்டாசிக் கடைசியில் வந்தது வினை. அஜித்குமாரின் அம்மா ஆண்டாள்தான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. இறந்துபோன மாமனார் நினைவாகப் பள்ளிக்கு ஒரு மேடை கட்டித் தருவதாக அவர்கள் குடும்பம் சொன்னது. ஆண்டுவிழாவுக்கு ஆகும், கொடியேற்றத்துக்கு ஆகும், எல்லாம் சரி. ஆனால் அவர்கள் கைகாட்டிய இடம் சமையல் கூடத்துக்குப் பின்பக்கம்.

சுப்புராயன் சார் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இருக்கிற ஒரு கஷ்டம், யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. அவருக்குத் தோட்டமும் வேண்டும், மேடையும் வேண்டும். யோசித்து ஒரு வழி சொன்னார். தோட்டத்தில் ஒரு பாத்தி முழுக்க அவர் கைப்பட விதைத்த காரட் இருந்தது. எங்கிருந்தோ ஒரு பாக்கெட் வாங்கிவந்து, ரிஷிவந்தியத்து மண்ணில் காரட் விளையவைத்துக் காட்டுகிறேன் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

"வெள்ளிக்கெழம கூட்டம். உறுப்பினருங்கள அழைச்சிக்கினு வந்து காரட்டக் காட்டுறேன். அத்தப் பாத்தாங்கன்னா யாரும் தோட்டத்தத் தொடமாட்டாங்க. அது இல்லன்னா என்னால ஒண்ணும் பேச முடியாது செல்லியம்மா," என்றார்.

"சார், அது ஊட்டியில குளுருல வெளையிறது. இங்க எலதான் வரும்."

"இது புது ரகம். நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். இலை மட்டும் சாண் உயரத்துக்குப் பூப்பூவாக, நறுக்கி நறுக்கி விட்டதுபோல நன்றாகத்தான் வந்திருந்தது.

புதன்கிழமை தேவிப்ரியா திருக்கோவிலூரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டாள். செல்லியம்மாளுக்கு அடுப்பில் உலை கொதிக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் தோட்டம் பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"களையெல்லாம் சுத்தமா எடுத்துடுங்க. நான் காட்டிக்குடுத்த செடி எல்லாத்தையும் வுட்டுடுங்க. பேரு தெரியாத செடி எது இருந்தாலும் புடுங்கிடுங்க."

இருபத்திரண்டு பேரும் அக்காவின் வார்த்தையை அட்சரம் பிசகாமல் கேட்டார்கள். பண்ணைக்கீரையைப் பார்த்தார்கள், பெயர் தெரியும், விட்டார்கள். தொய்யக்கீரை, குமிட்டி, சாரணை, எல்லாம் தெரிந்த முகம். காரட் பாத்திக்கு வந்தார்கள். காரட்டை அவர்கள் சிவப்பாக, மொழுமொழுவென்று கடையில்தான் பார்த்திருக்கிறார்கள். இலையைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சார் விதைத்த பாத்திக்கு அவர் பலகையும் வைக்கவில்லை, பள்ளிக்கூடம் விட்டபிறகு அவரே தனியாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். போதாக்குறைக்கு, பார்த்தீனியச் செடி எவ்வளவு கெட்டது, தொட்டால் அரிக்கும், கண்ட இடத்தில் வேரோடு பிடுங்க வேண்டும் என்று ஜூன் மாதமே டீச்சர் படம் காட்டியிருந்தாள். பார்த்தீனியத்தின் இலையும் காரட்டின் இலையும் இளசில் அக்கா தங்கை மாதிரி. கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு, அரிக்காமல் ஜாக்கிரதையாக, ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டார்கள்.

சுப்புராயன் சார் வந்து பார்த்தபோது பாத்தி மொட்டையாக இருந்தது. வேலி ஓரத்தில் காரட் ஒரு குவியலாகக் கிடந்தது.

"சார், எல்லா பார்த்தீனியத்தையும் அழிச்சிட்டோம் சார்," என்றாள் தனுஷா, பாராட்டு வரும் என்ற நம்பிக்கையோடு.

சார் குனிந்து ஒரு செடியை எடுத்தார். அடியில் எலிவால் கனத்துக்கு வெளிறிய ஒரு வேர் தொங்கியது. அதை அவர் பார்த்த பார்வையைப் பார்த்து, கரண்டியோடு வெளியே வந்த செல்லியம்மாள் வேலி ஓரத்துக் குவியலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது காரட்டும்மா," என்றார் அவர், மெல்லிய குரலில்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனுஷா உதட்டைக் கடித்தாள், அழுகை வந்துவிட்டது. செல்லியம்மாள் முன்னால் வந்தாள். "புள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். பேரு தெரியாத செடியப் புடுங்குங்கன்னு நான்தான் சொன்னேன். இங்க இருக்கிறதுல அதுங்களுக்குப் பேரு தெரியாதது உங்க காரட்டு ஒண்ணுதான்."

"தப்பு யாருதா இருந்தா இன்னா. காட்டுறதுக்கு இப்ப ஒண்ணும் இல்லியே," என்றார். "வெள்ளிக்கெழம மேடைக்குக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

அன்று சாயங்காலம் செல்லியம்மாள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. இருசப்பன் கடையில் புரோட்டா வாங்கிவந்து எதிரில் வைத்தான். அவள் தொடவில்லை. "என் வாயாலயே கெடுத்துக்கினேன்யா," என்றாள். "யாரோ வந்து புடுங்கலாம், அது வேற. நானே புடுங்கச் சொன்னேன்." அவன் புரோட்டாப் பொட்டலத்தை மடித்து வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் ஒரு கீரையைக்கூடத் தவறாகப் பிடுங்கவில்லையே என்ற நினைப்பு நடுவில் ஒரு தடவை வந்தது. அதற்காகச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை அஜித்குமார் பள்ளிக்கு வரவில்லை. மதியத்துக்குள் சேதி வந்தது, தனுஷாதான் மூச்சிரைக்க வந்து சொன்னாள். "அக்கா, நேத்து சாயங்காலம் அவங்க மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிக்க ஆளு வந்துச்சாம். இவன் போய் வரப்புல படுத்துக்கினானாம். 'இங்க பண்ணக்கீரை இருக்குது, அடிக்காத'ன்னு. மருந்தடிக்கிறவரு டேங்க்க எறக்கி வெச்சிட்டுப் போய்ட்டாராம். அவங்க அப்பா ஒரே சத்தமாம்."

"போச்சுடா," என்றாள் செல்லியம்மாள். எரிகிற கொள்ளியில் எண்ணெயை ஊற்றிவிட்டான் பையன். மருந்தடித்த காட்டில் கீரை பறிக்காதே என்று இவள் சொல்லப்போக, அவன் மருந்தே அடிக்காதே என்று கிளம்பிவிட்டான். இனிமேல் தோட்டம் மட்டும்தான் போகுமா, வேலையும் சேர்ந்து போகுமா?

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். எட்டாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளைச் சுற்றிப் போட்டு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்லியம்மாள் டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். தேவிப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டாள் கொஞ்சம் தாமதமாக வந்தாள், கையில் மூடிபோட்ட ஒரு தூக்கு. பின்னால் தலையைக் குனிந்தபடி அஜித்குமார்.

சுப்புராயன் சார் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஆண்டாள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மேடையப் பத்தி அப்புறம் பேசலாம் சார். மொதல்ல இந்தத் தோட்டத்தப் பத்திப் பேசணும். இதால எங்க வூட்ல ரெண்டு நாளா நிம்மதி இல்ல."

பின்னால் நின்ற மகனைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"புதன்கெழம இவன் மருந்தடிக்க வுடல. அவங்க அப்பா பேச்சே வுட்டுட்டாரு. இவனும் சோறு வேணாம்னு போயி, மடி நெறையக் கீரையப் பறிச்சிக்கினு வந்து சமையல்கட்டுல கதவச் சாத்திக்கினான். நான் ஒருத்தி வெளிய நின்னுக்கினு கதவத் தட்டுறேன். ஒரு மணி நேரம் கழிச்சி தொறந்தா, அடுப்பு மேடையெல்லாம் கீரை, செவுரெல்லாம் பருப்பு. கடைஞ்சி வெச்சிருக்கான். அவரு கோவத்துல எத்தப் போட்டோம்னு பாக்காம சாப்புட்டாரு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாரு. 'நல்லா வெச்சிருக்கியே'ன்னு என்னப் பாத்து சொல்றாரு. நானு வெக்கல, உம்புள்ள வெச்சதுன்னேன்."

யாரோ ஒருவர் சிரிப்பை டீ கிளாசுக்குள் அடக்கினார்.

"சரி, புள்ள ஆசைப்படுறானேன்னு நேத்து நானே செஞ்சேன். ஒரு வாயி தின்னுட்டு, 'அக்கா செய்யிற மாதிரி இல்ல'ன்றான். பதிமூணு வருஷமா என் கையால தின்னவன் சார் இவன்." தூக்கின் மூடியைத் திறந்து பெஞ்சின் மேல் வைத்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள்.

"செல்லியம்மா, இங்க வாங்க. இதுல இன்னா தப்புன்னு சொல்லுங்க."

வாங்க. சொல்லுங்க. ஆண்டாள் வீட்டு நிலத்தில் எத்தனையோ போகம் குனிந்திருக்கிறாள் செல்லியம்மாள். ஒரு நாளும் அந்த வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை. தன்னைத்தான் கூப்பிட்டாளா என்று தேவிப்ரியாவைப் பார்த்தாள். டீச்சர் அவளை முதுகில் லேசாகத் தள்ளினாள்.

போய்க் கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்தாள். அடுப்படி விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு வராது. "கோச்சிக்காதீங்க ஆண்டாளம்மா. புளிய மொதல்லயே போட்டுட்டீங்க, மூடியும் போட்டு வேக வெச்சிருக்கீங்க. அதான் கறுத்துப்போச்சு. அப்புறம் பூ வுட்ட பண்ணக்கீரையப் பறிச்சிருக்கீங்க, அது முத்தலு. பூ எடுக்கறதுக்கு முன்ன கொழுந்தா கிள்ளணும்."

"நான் சொல்லல?" என்றான் அஜித்குமார் அம்மாவிடம், முதல் தடவையாகத் தலையைத் தூக்கி.

"உனக்கு ரொம்பத் தெரியும், சும்மா இரு," என்றாள் ஆண்டாள். பிறகு சாரைப் பார்த்தாள். "ஏதோ காரட்டு காட்டுறேன்னீங்களாமே சார், எங்க?"

சுப்புராயன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வந்து... புள்ளைங்க களையெடுத்துட்டாங்கம்மா."

இந்தத் தடவை யாரும் சிரிப்பை அடக்கவில்லை. சாருமே சிரித்துவிட்டார், பாவம். சிரிப்பு ஓய்ந்ததும் ஆண்டாள் மேடை விஷயத்தை இரண்டு வார்த்தையில் முடித்தாள். மேடையைக் கொடிக்கம்பத்துப் பக்கம் போட்டுக்கொள்ளலாம், மாமனார் பெயர் எந்தப் பக்கம் இருந்தாலும் படிக்க வரும். தோட்டம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று மதியம் ஆண்டாள் வீட்டுக்குப் போகவில்லை. மகனோடு வரிசையில் உட்கார்ந்து ஒரு தட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் செல்லியம்மாள்தான் பரிமாறினாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஆண்டாள் கேட்டாள், "ஞாயித்துக்கெழம காட்டுக்கு வர்றீங்களா? மருந்தடிக்க வேணாம்னு அவரு ஒருமாதிரி எறங்கி வந்துட்டாரு. ஆனா எத்த வுடுறது, எத்த எடுக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லியம்மாள் போனாள். பழக்கதோஷத்தில் களைக்கொத்தைக் கையில் எடுத்தவளை இருசப்பன்தான் தடுத்து, வாங்கித் திரும்ப மூலையில் வைத்தான். மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. வரிசைக்கு வரிசை பச்சைப் பசேலென்று எல்லாம் கலந்து முளைத்துக் கிடந்தது. வரப்பில் ஆண்டாள், அஜித்குமார், பக்கத்தில் அவன் அப்பா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் விறைப்பாகத்தான் நின்றார்.

"அப்ப எத்தத்தான் புடுங்கறது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

இதே வரப்பில் செல்லியம்மாள் எத்தனையோ காலையில் உத்தரவுக்குக் காத்து நின்றிருக்கிறாள். கையை நீட்டினாள்.

"இந்தக் கோரையப் புடுங்குங்க. அதோ, அந்தப் பார்த்தீனியத்த வேரோட எடுங்க. இது தொய்யக்கீரை, இத்த வுடுங்க. அந்த வரிசை பூரா பண்ணக்கீரை, அத்த யாரும் தொடக் கூடாது."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் காட்டிய கோரையைப் பிடுங்கினார்.